மாப்பிள்ளைக்கு, மெடிக்கல் கடையிலிருந்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. முதல் இரண்டு பக்கம் மழை, வெங்காய விலை, அத்தையின் முழங்கால் என்று சுற்றிவிட்டு, மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் ஆணுறை விஷயத்துக்கே வந்திருக்கிறாய். என் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். ஒரு பாராசிட்டமால் அட்டை, ஒரு இருமல் மருந்து, பக்கத்தில் நிற்கிற அம்மா போகும்வரை கண்ணாடி அலமாரியைச் சும்மா ஒரு நோட்டம், அப்புறம் குரல் இறங்கும். அவர்கள் வாய் திறக்கும் முன்பே நான் தாளில் சுற்றி முடித்திருப்பேன்.

பிரஷர் இருப்பதால் தங்கச்சியைக் கருத்தடை மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், அதனால் ஆணுறைக்கு மாறினீர்கள், நாள் தள்ளிப்போய் பன்னிரண்டு நாள் இருவரும் தூங்கவில்லை. கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததே, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் அந்தப் பயத்தில் போனில் தேடி, ‘ஆணுறை 13 சதவீதம் தோற்கும்’ என்று படித்துவிட்டு, எட்டுத் தடவைக்கு ஒரு தடவை கிழியும் என்று கணக்குப் போட்டிருக்கிறாயே, பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரிடம் நீ வாங்கிய அடியெல்லாம் வீண்.

அந்தக் கணக்கு வேறு. நூறு தம்பதிகள் ஒரு வருஷம் முழுக்க ஆணுறையை மட்டும் நம்பி இருந்தால், அதில் சுமார் 13 பேருக்குக் கரு தங்குகிறது. எதுவுமே பயன்படுத்தாவிட்டால் சுமார் 85 பேருக்குத் தங்கும். ஒவ்வொரு முறையும், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, சரியாகப் போட்டவர்களை மட்டும் தனியே எடுத்தால் அந்த 13 வெறும் 2 ஆகிவிடுகிறது. மீதி 11 பேர் எங்கே போனார்கள் என்றுதான் நீ கேட்டிருக்க வேண்டும். அவர்களில் பாதிப்பேரை எனக்கு முகம் தெரியும் என்று நினைக்கிறேன். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து உட்கார்ந்து நசுக்கியவர், பைக் பெட்டியில் வெயிலில் வேகவிட்டவர், பல்லால் கடித்துப் பிரித்தவர், ‘கடைசி நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்’ என்றவர், ‘இன்றைக்கு மட்டும் பரவாயில்லை’ என்றவர். அந்தக் கடைசி ஆள் நான்தான். எங்கள் சின்னவன் அந்தக் கணக்கில் வந்தவன். இதை அவனிடம் சொல்லித் தொலைக்காதே.

ரப்பரைக் குறை சொல்லாதே. நினைவிருக்கிறதா, நர்ஸம்மா வீட்டுத் திண்ணையில் இருந்த நிரோத் ஆணுறைப் பெட்டியைத் தூக்கிவந்து பலூன் ஊதினோமே? நீ ஊதியது பூசணிக்காய் அளவுக்குப் போயும் உடையவில்லை. தொழிற்சாலையிலும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறார்கள். மாதிரிக்கு எடுத்த உறைகளில் காற்றடிப்பார்கள். வழக்கமான அளவு உறை என்றால் 18 லிட்டர் காற்றாவது தாங்க வேண்டும். இன்னும் சிலவற்றில் 300 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். நிரோத் 1968-இல் வந்தது; நம் இருவரையும்விட மூத்தது. திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடையில் அதைச் செய்யும் அரசுத் தொழிற்சாலையும் நம்மைவிட மூத்ததுதான்.

இனி உன் சொந்த வழக்கு. கடிதத்தின் ஓரத்தில், ஏதோ வேண்டாத சங்கதி மாதிரி, ‘கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுவோம்’ என்று கிறுக்கியிருக்கிறாய். அடப்பாவி, அதுதான் குற்றவாளி! தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எது பட்டாலும் உறையின் லேட்டக்ஸ் ரப்பர் சில நிமிஷத்திலேயே வலுவிழந்துவிடும். வழுக்கல் வேண்டுமென்றால் தண்ணீரில் செய்த ஜெல் கேள், தருகிறேன். பாதுகாப்புக்கு என்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுகிற வேலையும் வேண்டாம், உரசியே கிழியும். போடும்போது நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிடு, வெளியே எடுக்கும்போது அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள். இவ்வளவுதான். இதைக் கடையில் நின்று யாரிடம் சொல்வது? பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை ஒருத்தனும் படிப்பதில்லை.

அப்படியும் ஒருநாள் கிழிந்தால், கரு தங்காமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் போடுகிற மாத்திரை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் நம் பக்கத்தில் பல கடைகளில் அதை வாங்கியே வைப்பதில்லை. தங்கச்சிக்குப் பிரஷர் இருப்பதால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே போடட்டும். என்னைக் கேட்டால், இந்தப் பன்னிரண்டு நாள் தவிப்பு வேண்டாம் என்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி போட்டுவிடலாம். வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்குக்கூடக் கரு தங்காது, அரசு ஆஸ்பத்திரியில் காசும் கிடையாது. அல்லது நீ போய்ப் படுக்கலாம். ஆண்களுக்கான கத்தியில்லாக் கருத்தடைச் சிகிச்சைக்குப் பதினைந்து இருபது நிமிஷம் போதும். அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஆணுறை தேவை. இந்த யோசனையைப் படித்ததும் நீ கடிதத்தை மடித்து வைப்பாய் என்று தெரியும்.

மடிக்காதே, பையன் விஷயம் பாக்கி இருக்கிறது. பெங்களூரில் தனியாக இருக்கிறான், அவனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறாய். உனக்குக் கல்யாணமான புதிதில் சுவரெல்லாம் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டது நினைவிருக்கிறதா? நாமும் சிரித்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசினோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில் எடுத்த ரத்தத்தில்தான், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில்.

பையனிடம் உள்ளதை உள்ளபடி சொல். கிழியாத லேட்டக்ஸைத் தாண்டி எச்.ஐ.வி. கிருமி போகாது. எப்போதும் போடுகிறவர்களிடம், போடவே போடாதவர்களைவிடத் தொற்று சுமார் 80 சதவீதம் குறைகிறது. வெட்டை நோய் (கொனோரியா) மாதிரி திரவத்தில் பரவுகிறவற்றுக்கும் நல்ல தடுப்பு. ஆனால் மேகப்புண் (சிஃபிலிஸ்), ஹெர்பிஸ், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தருகிற எச்.பி.வி. மூன்றும் தோலோடு தோல் பட்டே பரவும். உறை மூடாத இடத்தில் புண்ணோ கிருமியோ இருந்தால் உறை என்ன செய்யும்? அங்கே பாதுகாப்பு அரைகுறைதான், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். எச்.பி.வி.க்குத் தடுப்பூசியும் இருக்கிறது. ஏதாவது நடந்துவிட்டதென்றால் பயந்து அறைக்குள் உட்கார வேண்டாம். எச்.ஐ.வி. வராமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் போடுகிற மாத்திரை இருக்கிறது, உடனே டாக்டரிடம் போய்க் கேட்கட்டும். 1097 என்ற அரசின் எய்ட்ஸ் உதவி எண்ணில் பேர் சொல்லாமலே கேட்கலாம்.

உனக்கு நாக்கு எழாது, தெரியும். தீபாவளிக்கு வரும்போது அவனை எண்ணெய் வாங்கவோ எதற்கோ என் கடைக்கு அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். அத்தைக்கு முழங்கால் தைலம் இரண்டு பாட்டில் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். தைலத்தையும் வேறெதற்கும் எடுத்துவிடாதே.

உன்
மெடிக்கல்காரன்