மேக்காலத் தோட்டம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடு.

மேக்காலத் தோட்டத்தில் இந்த வருசம் மஞ்சள் வைக்கவில்லை. இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுத்த நம்மாழ்வார் ஐயா சொல்லிவந்த பல தானிய விதைப்புதான். சோளம், கம்பு, தட்டைப்பயறு, உளுந்து, எள்ளு, ஆமணக்கு, சணப்பு, கொத்தமல்லி எல்லாம் கலந்து ஆடி பிறந்ததும் வீசினேன். நீ நோம்பிக்கு வந்தபோது சாண் உயரம் நின்றதே, அது இடுப்புக்கு வந்து பூவெடுத்தது. 50ஆம் நாள் அப்படியே மடக்கி உழுதாயிற்று.

நோம்பிக்கு நீ மட்டும் வந்தாய். மாப்பிள்ளைக்கு வேலை இருந்திருக்கும்.

போன வருசம் அந்த மண்ணைக் கொத்தினால் ஓட்டுச்சில்லு மாதிரிப் பெயரும். போன வாரம் மழை விட்டதும் ஒரு கட்டியை உடைத்தேன். உள்ளே கறுப்பாக மக்கின சணப்புத் தண்டு, அதை ஒட்டி நூல் மாதிரி இரண்டு மண்புழு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அம்மிணி இருந்தா கையில எடுத்திருப்பா" என்றாள். நீ போன் எடுப்பதில்லை என்று அவளுக்கு வருத்தம். எனக்கும்தான்.

நீ பார்த்துவிட்டுப் போன காங்கயம் மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இப்போது செவலை, ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறுமாவும் இரண்டிரண்டு கிலோ, வேலியோரத்து மண் ஒரு பிடி, 200 லிட்டர் டிரம்மில் தண்ணீரோடு, மண்ணுக்கு விடும் ஜீவாமிர்தம் கலக்கிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் நீ வைத்த கத்தரிக்குச் சாணத்தைத் தவிர எதுவும் போட்டதில்லை. அந்தக் காயை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான்.

அந்தக் கட்டுத்தரையை உன் நகைக்காகக் காலி செய்ததும் நான்தான். நாலு மாட்டையும் விற்று ஓட்டிவிட்ட பிறகுதான் யூரியா மூட்டை கூடிக்கொண்டே போனது. இன்னும் ஒரு வருசம் படிக்கிறேன் என்றாய். நல்ல இடம், விட்டால் போய்விடும் என்று அவசரப்பட்டேன். உன் மனசை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மிணி. நோம்பியன்று கண் வீங்கி நின்றாய். அப்போதும் கேட்காமல் தோட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

மேல் அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். எப்போது வந்தாலும் சரி. எத்தனை நாள் என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. போனை எடு. காலையும் மாலையும் டிரம்மைக் கலக்கும் நேரம் தவிர என் போன் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

அப்பா