குடியாத்தத்துக்கு வராத தினசரியில் குடியாத்தத்து நில அறிவிப்பு

வேலூர் வட்டாரத்தில் அரசு அறிவிப்புகளையும் விளம்பரங்களையும் நாளிதழ்களுக்கு ஒதுக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

குடியாத்தம் வட்டத்தில் சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு அண்மையில் வெளியானது உங்களுக்குத் தெரியும், கொடுத்தது நீங்கள்தான். எந்தத் தினசரிக்குக் கொடுத்தீர்கள் என்பதும் தெரியும். அந்தத் தினசரியின் ஒரு கட்டுகூட குடியாத்தம் பேருந்து நிலையத்தில் இறங்குவதில்லை என்பது தெரியுமா? தெரியாதென்றால் இந்த மடல் பயன்படும். தெரிந்தே கொடுத்திருந்தாலும் எங்கள் கோரிக்கை மாறாது. எந்த அறிவிப்பு, எந்த நாளிதழின் எந்தப் பதிப்பு, எத்தனை சதுர சென்டிமீட்டர், என்ன விகிதம், அந்த வட்டத்தில் அந்தப் பதிப்புக்கு எத்தனை பிரதி விற்பனை: இந்த விவரங்களை மாதாமாதம் பட்டியலாக வெளியிடுங்கள்.

நாங்கள் இந்த மாவட்டத்தில் சிறு தினசரிகள் நடத்துகிறவர்கள். விளம்பரம் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று சொல்வீர்கள். வயிற்றெரிச்சலும் உண்டு, மறைப்பானேன். ஆனால் அந்த நில அறிவிப்பில் எங்களுக்குப் போனது ஒரு பில் தொகை. புல எண் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போனது அதைவிடப் பெரிது.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவு, அறிவிக்கையின் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், வெளியிடச் சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் 11ஆவது பிரிவில் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: அந்தப் பகுதியில் புழங்கும் இரண்டு தினசரிகள். வேலூரில் பதிவான தினசரி என்றோ, சென்னையில் அச்சாகி 'வேலூர் பதிப்பு' என்று தலைப்பில் போட்டுக்கொள்வது என்றோ அதில் இல்லை. புழங்க வேண்டும், அவ்வளவுதான். புழங்குகிறதா என்று பார்க்க ஆணையம் தேவையில்லை. விடிகாலையில் குடியாத்தம், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம் பேருந்து நிலையங்களில் ஏஜெண்டுகள் கட்டுப் பிரித்து எண்ணும் நேரத்தில் ஓர் ஆளை நிறுத்தினால் போதும். அணைக்கட்டு வட்டத்து மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்பு என்றால், மலைப் பேருந்தில் எந்தப் பேப்பரின் கட்டு ஏறுகிறது என்று நடத்துநரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

நாள் கணக்குக்கு வருவோம், வலி அங்கேதான். நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஆட்சேபணைக்கு 21 நாள். அந்த 21 நாள் நாளிதழில் வந்த தேதியிலிருந்து ஓடுவதில்லை, அரசிதழில் வந்த தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. அரசிதழ் வெளியாகி, அலுவலகத்தில் சுருக்கம் தயாராகி, விளம்பரம் போடச் சொல்லும் ஆர்.ஓ. என்ற ஆணை போட்டு, தினசரியில் அச்சாக ஒரு வாரம் பத்து நாள் தாமதித்தால், மிஞ்சுவது பதினொன்றோ பதினான்கோ. அதுவும் ஊருக்கு வராத பேப்பரில் வந்தால் மிஞ்சுவது பூஜ்யம். சாலை என் கிணற்றின் மேல் போகிறது, பத்து மீட்டர் தள்ளிப் போனால் கிணறு தப்பும் என்று ஒரு விவசாயி சொல்வதற்குச் சட்டம் வைத்திருக்கும் ஒரே சந்தர்ப்பம் அந்த 21 நாள்தான். அது கழிந்து 3டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் அரசுடையது. அதன்பின் 3ஜி பிரிவில் இழப்பீட்டுத் தொகையைப் பற்றிப் பேசலாம், கிணற்றைப் பற்றிப் பேச முடியாது. அந்த 3ஜி விசாரணைக்கும் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். அதையும் அதே தினசரிக்கே அனுப்புவீர்களானால், அளவைக் கல் நடும் ஆள் வரப்பில் வந்து நிற்கும்போதுதான் நிலத்துக்காரருக்குச் சேதி தெரியும்.

வந்த அறிவிப்பையாவது படிக்க முடிகிறதா? கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, உரிமையாளர் பெயர் என்று ஐந்து பத்தியுள்ள அட்டவணை. அதை 4 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றைக் காலத்தில், அதாவது பேப்பரின் ஒரு பத்தியில், 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடைக்கச் சொன்னால் பக்கம் வடிவமைக்கிறவர் என்ன செய்வார்? எழுத்தைச் சுருக்குவார். உட்பிரிவு எண்ணில் உள்ள சாய்கோடு பக்கத்து இலக்கத்தோடு ஒட்டும். 112/2 என்பது 11212 ஆகும். மட்டமான தாளில் மை பரவினால் 3ஆ 8ஆ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மிச்சம் பிடித்த தொகை எவ்வளவு? மத்திய அரசு 2025 நவம்பரில் உயர்த்திய விகிதத்தில், ஒரு லட்சம் பிரதியுள்ள தினசரிக்குக் கறுப்பு வெள்ளை விளம்பரம் சதுர சென்டிமீட்டருக்கு 59 ரூபாய் 68 காசு. 80 சதுர சென்டிமீட்டருக்கு 4,774 ரூபாய். இரண்டு காலமாக்கி 160 கொடுத்திருந்தால் 9,549. குறைந்த பிரதியுள்ள தினசரிக்கு இந்த விகிதமும் இறங்கும். ஆக, ஐயாயிரம் ரூபாய்க்குள் மிச்சம் பிடிக்க ஒரு கிராமத்தின் புல எண்களைக் குழப்பியாயிற்று.

இந்தச் சிக்கனம் எல்லா இடத்திலும் இருந்தால் பாராட்டியிருப்போம். விழா நாள்களில் முழுப்பக்கம் போகிறது, சுமார் 1,700 சதுர சென்டிமீட்டர். அந்த நில அறிவிப்பை அதில் 21 முறை அச்சிடலாம். அரசு விளம்பரத்தில் யார் படம் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் வரையறுத்தது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி என்று மூவரோடு நின்ற பட்டியல், 2016 மார்ச்சில் ஆளுநர், முதலமைச்சர், அமைச்சர்கள் என்று விரிந்தது. படங்களுக்கு நீதிமன்றம் வரை போய் இடம் வாங்க ஆள் இருக்கிறது. புல எண்களுக்கு யார் போவது? மன்னிக்கவும், பேச்சு எங்கோ போகிறது. படங்கள் இருக்கட்டும், பட்டியலைக் கொடுங்கள்.

பிரதி எண்ணிக்கைக்குச் சான்று வாங்கியிருக்கிறோம் என்பீர்கள். மத்திய அரசின் 2020 விளம்பரக் கொள்கைப்படி 25,000 பிரதி வரை சிறு நாளிதழ், அதுவரை ஆடிட்டர் சான்று போதும். அதற்கு மேல் போனால்தான் பிரதி எண்ணிக்கையைத் தணிக்கை செய்யும் ஏ.பி.சி. அமைப்பு அல்லது பத்திரிகைப் பதிவாளரின் சரிபார்ப்பு. அந்த 25,000 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமே இத்தனை தினசரிகள் நிற்பதற்குக் காரணம் வேறு சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சான்றைத் தாளோடு ஒப்பிட்டால் கால் மணி நேரத்தில் உண்மை தெரியும். நியூஸ்பிரிண்ட் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 45 கிராம். முழு அளவுத் தினசரியின் ஓர் இலை, அதாவது இரண்டு பக்கம், சுமார் 33க்கு 54 சென்டிமீட்டர், எடை 8 கிராம். எட்டுப் பக்கப் பேப்பர் 32 கிராம். 25,000 பிரதி என்றால் நாளைக்கு 800 கிலோ, மாதத்துக்கு 24 டன், கழிவு தனி. அத்தனை ரீல் வாங்கிய ஜி.எஸ்.டி. பில்லைக் கேளுங்கள். அச்சகத்தின் மின் கட்டண ரசீதைக் கேளுங்கள். ஏஜெண்டு வாரியான பில்லையும், விற்காமல் திரும்பிய பிரதிகளின் ரிட்டர்ன் கணக்கையும் கேளுங்கள். மாதம் இரண்டு டன் தாள் வாங்குகிறவர் 25,000 பிரதி அச்சடிப்பது எப்படி என்று அவரே விளக்கட்டும், எங்களுக்கும் அந்தத் தொழில்நுட்பம் தேவை.

இன்னொரு வித்தையும் தொழிலில் உள்ளவர்கள் அறிந்ததே. அறிவிப்புள்ள அச்சுப் பிளேட்டை மாட்டி ஐம்பது பிரதி ஓட்டி, மிஷினை நிறுத்தி, பிளேட்டைக் கழற்றி, அந்த இடத்தில் வேறு செய்தியோ தனியார் விளம்பரமோ உள்ள பிளேட்டை மாட்டி மீதியை ஓட்டுவது. ஐம்பதில் சில, பில்லோடு இணைக்கும் வவுச்சர் காப்பி ஆகும். மீதி டெண்டர் கோப்புக்கும் அலுவலக மேசைக்கும். கடையில் வாங்கிய பேப்பரில் அந்த அறிவிப்பே இருக்காது. இதைப் பிடிக்க வழி எளிது: அறிவிப்பு வரும் நாளில் அந்தந்த வட்டத்தில் உள்ள ஏதாவது ஒரு கடையில் அலுவலகமே காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கி, கடைக்காரரின் ரசீதோடு கோப்பில் சேர்க்கட்டும். வெளியீட்டாளர் கொண்டுவரும் பிரதியை மட்டும் நம்பி பில் பாஸ் செய்யும் வழக்கத்தை நிறுத்தினாலே பாதி வித்தை நின்றுவிடும்.

ஒப்பந்தப்புள்ளிகளுக்கு இணையதளம் வந்துவிட்டதே, பேப்பர் எதற்கு என்ற வாதமும் காதில் விழுகிறது. ஒப்பந்ததாரருக்கு அது சரியாகவே இருக்கலாம், கணினி வைத்திருக்கிறார். அப்போதும் ஒன்று நினைவிருக்கட்டும்: 2000ஆம் ஆண்டின் தமிழக ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகள் 2 கோடி ரூபாய் வரையான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கேட்கின்றன. குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். குறுகிய கால டெண்டரும் யாரும் வாங்காத பேப்பரும் ஒரே பணிக்குச் சேர்ந்து வருவது தற்செயல் என்றால், அது நல்ல பயிற்சி பெற்ற தற்செயல். நிலம் எடுப்புக்கும், சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் இணையதள வாதம் அறவே பொருந்தாது. நிலத்துக்காரர் எந்த இணையதளத்தைத் தினமும் திறந்து பார்ப்பார்?

2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு குழப்பம் கூடியது. பழைய 'வேலூர் பதிப்பு' பட்டியலை வைத்துக்கொண்டே ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் ஒதுக்குவது இன்னும் நடக்கிறது. வாலாஜாவில் விற்பது நாட்றம்பள்ளியில் விற்பதில்லை. பட்டியல் வட்டவாரியாக வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

விளம்பரத்தைப் பரிசாகவும் தண்டனையாகவும் பயன்படுத்தக் கூடாது என்று உஷோதயா என்ற பத்திரிகை நிறுவனத்தின் வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்றம் சொல்லி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. எங்களில் யாரையும் தண்டித்தீர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இல்லை என்று நீங்கள் காட்டவும் அந்தப் பட்டியலே போதும். செலவு விவரத்தைத் தானாக முன்வந்து வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு 2005 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே புதிய அரசாணை எதுவும் தேவைப்படாது.

பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரும் மாதம் 5ஆம் தேதிக்குள் முதல் பட்டியலை வெளியிடுங்கள். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேர்ணாம்பட்டு ஆகிய ஆறு வட்டாட்சியர் அலுவலகங்களின் பலகையிலும் ஒரு நகல் ஒட்டச் செய்யுங்கள். எங்கள் ரீல் பில், ஏஜெண்டு பில், ரிட்டர்ன் கணக்கு மூன்றையும் நாங்களே கொண்டுவந்து தருகிறோம், எங்கள் எண்ணிக்கை பொய்யென்றால் முதலில் எங்கள் பெயரை எடுங்கள். குடியாத்தம் வட்டத்து அந்த நில அறிவிப்பை, படிக்கிற அளவு எழுத்தில், அங்கே விற்கும் இரண்டு தினசரிகளில் மறுபடி வெளியிட்டு, ஆட்சேபணைக்கு உரிய 21 நாளையும் புதிதாகக் கொடுக்க உரிய இடத்துக்குப் பரிந்துரை அனுப்புங்கள். அந்த இரண்டில் எங்கள் தினசரி எதுவும் இல்லாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
வேலூர் வட்டாரச் சிறு நாளிதழ் வெளியீட்டாளர்கள் சிலர்