பழைய சிங்கர் மெஷினை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூறு வருஷப் பழைய சிங்கர் தையல் மெஷின்களுக்கு லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு துண்டுச் செய்தி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பரணிலிருந்து மெஷினை இறக்கித் துடைத்து வைத்துக்கொண்டு ஆள் வருவான் என்று காத்திருக்கிறார்கள். வந்தால் ஏமாற்றத்தான் வருவான். ஊசிக்குள் சிவப்புப் பாதரசம் என்ற விலை உயர்ந்த பொருள் இருக்கிறது, செல்போனைப் பக்கத்தில் வைத்தால் லைன் கட்டாகும் என்கிற இதே புரளி 2009-ல் சவுதியில் கிளம்பி, ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு அநியாய விலை கொடுத்து மெஷின் வாங்கினார்கள். அந்த மெஷின்களில் இருப்பது பெரும்பாலும் வார்ப்பு இரும்பும் எஃகும்தான். அந்த மெஷின் கிடைத்தற்கரிய பொருளும் இல்லை. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்ற ஊரில் சிங்கர் கம்பெனிக்கு இருந்த ஒரு ஆலையில் மட்டும் 1913-ல் ஒரு வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் மெஷின் செய்திருக்கிறார்கள். 1980-ல் அந்த ஆலையை மூடிவிட்டாலும் அங்கே இருக்கிற ரயில் நிலையத்துக்கு இன்னமும் சிங்கர் என்றுதான் பெயர்.

இந்தச் செய்தியால் வருகிற இன்னொரு கெடுதலைச் சொல்லத்தான் எழுதுகிறேன். லட்சம் கிடைக்காது என்று தெரிந்ததும் ஏமாற்றத்தில் பலர் அந்த மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். நன்றாக ஓடக்கூடிய மெஷின், கிலோ கணக்கில் போகிறது. எங்கள் வீட்டு மெஷினும் அப்படிப் போயிருக்க வேண்டியதுதான்.

அது அம்மா 1970-களில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கால் மெஷின். ரவிக்கை, பாவாடை, ஸ்கூல் யூனிபாரம் என்று அதில் தைத்துத்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். அம்மா போனபிறகு ஏழு வருஷம் மூடியே கிடந்தது. போன தை மாதம் திறந்தபோது சக்கரம் சுற்றவில்லை, கீழ்நூல் சுற்றி வைக்கிற பாபினும் இல்லை. பக்கத்து டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் கவரைக்கூட முழுசாகத் திறக்காமல், "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வர்றதே இல்லைம்மா, போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கோங்க, ஐந்நூறு குறைச்சுத் தர்றேன்" என்றார். இன்னொரு கடையில் உஷா மெஷினுக்குப் போடுகிற வட்ட பாபினையும் அது உட்காருகிற பாபின் கேஸையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதை வைக்க மெஷினில் இடமே இல்லை.

அப்புறம்தான் நானே உட்கார்ந்து தட்டை நகர்த்திப் பார்த்தேன். ஊசிக்குக் கீழே முன்பக்கம் ஒரு தட்டு, பின்பக்கம் ஒரு தட்டு. முன்தட்டை இழுத்தால் உள்ளே துப்பாக்கித் தோட்டா மாதிரி நீளமாக, கீழ்நூலைக் கொண்டுபோகிற ஒரு ஷட்டில். அதற்குள் ஒல்லியாக, விரல் நீளத்தில் ஒரு பாபின் படுக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றினால் ஷட்டில் வட்டமாகச் சுற்றாது, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் போய்வரும். சிங்கரில் 27, 28, 127, 128 என்ற நான்கு மாடல்களும் இந்த வகைதான், நான்குக்கும் ஒரே ஷட்டில், ஒரே நீள பாபின். 27-ம் 127-ம் பெரிய உடம்பு, மற்ற இரண்டும் அதே அமைப்பில் கொஞ்சம் சின்ன உடம்பு. பெரிய உடம்பில் ஷட்டிலைத் தூக்கிவிட ஒரு பொத்தான் இருந்து, பாபினில் நூல் சுற்றுகிற அமைப்பும் சக்கரத்துக்குப் பக்கத்தில் உயரமாக இருந்தால் அது 127. எங்களுடையது அதுதான். இந்த ஷட்டிலும் பாபினும் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆன்லைனில் வாங்கினேன், பொருந்திவிட்டது. ஒரு எச்சரிக்கை: இன்னும் பழைய மாடல் 12 என்று ஒன்று உண்டு, அதில் இருப்பது படகு வடிவ ஷட்டில், ஊசியும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, உங்கள் வீட்டில் இருப்பது வேறு வகையாக இருக்கலாம். மெஷினின் இடது ஓரத்தில் தட்டைத் திறந்து வட்ட பாபின் கேஸைப் பக்கவாட்டில் செருகுகிற மாதிரி இருந்து, நூல் இறுக்கத்தைச் சரிசெய்கிற டென்ஷன் திருகும் இடப்பக்க முகத் தகட்டிலேயே இருந்தால் அது 15-ம் மாடல். இதுதான் உங்களுக்கு யோகம். நம் ஊரில் ஓடுகிற கறுப்பு உஷா, மெரிட், ரீட்டா எல்லாம் இந்த அமைப்பைப் பின்பற்றிச் செய்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான்காரர்களும் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதனால் பாபின், பாபின் கேஸ், ஊசி, துணியை அழுத்துகிற ஃபுட் எல்லாம் எந்த டவுனிலும் கிடைக்கும், லூதியானாவிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிறது. மூன்றாவது வகையில் ஊசிக்கு முன்னால் இருக்கிற தட்டைத் தள்ளி, பாபினை மேலிருந்து படுக்கையாகப் போட வேண்டும், 66, 99, 201 எல்லாம் அப்படி. 66-க்கும் 99-க்கும் பாபினின் இரண்டு முகமும் லேசாகக் குவிந்திருக்கும், 15-ன் பாபின் இரண்டு பக்கமும் தட்டை. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று மாற்றிப் போட்டால் நூல் சிக்கிக்கொண்டே இருக்கும், பழி மெஷின் மேல் விழும். ஆரம்பகால 66-ல் சிலவற்றுக்கு ஃபுட் பின்பக்கமாக மாட்டுகிறது, சாதாரண ஃபுட் சேராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதைத் தெரிந்துகொள்ள வலது பக்கம், சக்கரத்துக்குக் கீழே மேடையில் பொறித்திருக்கிற எண்ணைப் பாருங்கள். எழுத்தே இல்லாமல் வெறும் எண் என்றால் 1900-க்கு முந்தியது. எங்களுடையது ஒய் என்ற எழுத்தில் தொடங்குகிறது, அது 1920-களிலும் 1930-களின் முதல் பாதியிலும் கிளைடுபேங்கில் போட்ட எண். ஈ என்ற ஆங்கில எழுத்தும் கூடவே இன்னொரு எழுத்தும் இருந்தால் 1930-களின் நடுவிலிருந்து 1960-களின் தொடக்கம் வரைக்கும் அதே ஆலையில் செய்தது. மெஷினைக் கவிழ்த்தால் அடியில் தெரிகிற எண் வார்ப்பு எண், தட்டில் சில சமயம் இருக்கிற வருஷம் காப்புரிமை வாங்கிய வருஷம். இந்த இரண்டையும் வைத்துத்தான் தரகர்கள் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள்.

ஊசி விஷயத்தில் கடைக்காரர்களே தடுமாறுகிறார்கள். நான் சொன்னவற்றில் 12-ஐத் தவிர எல்லாவற்றுக்கும் வீட்டு மெஷின் ஊசிதான், பாக்கெட்டில் எச்ஏ பெருக்கல் 1 என்று போட்டிருக்கும், தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி மெஷின்களுக்குப் போடுகிற டிபி பெருக்கல் 1-ன் தலை முழு உருண்டை, அது ஆகாது. நூல் நுழைகிற பக்கத்தில்தான் ஊசியின் நீளக் குழி இருக்க வேண்டும், தட்டைப் பக்கம் ஷட்டிலைப் பார்த்திருக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள், அது நாளாக ஆகப் பிசினாகி எல்லாவற்றையும் ஒட்டிவிடும். எங்கள் மெஷின் இறுகிக் கிடந்ததற்குக் காரணமே அதுதான். துளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை மெதுவாக ஆட்டி, துடைத்து, அப்புறம் மெஷின் ஆயில் விட்டேன். நான்காம் நாள் சாயங்காலம் சக்கரம் திடீரென்று இளகிச் சுற்றியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கப் பூ வேலை இருக்கிற இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், பூ கரைந்து கையோடு வந்துவிடும். கழற்றுகிற ஒவ்வொரு ஸ்குருவையும் கிண்ணத்தில் போட்டு வையுங்கள். சிங்கர் ஸ்குருவின் மரை தனி, ஹார்டுவேர் கடை ஸ்குருவை முறுக்கினால் துளையே கெட்டுவிடும்.

இயந்திரங்களை அவ்வளவு எதிர்த்த காந்தி 1924-ல் ஜி.ராமச்சந்திரனிடம் பேசும்போது சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர். அம்மாவின் கால் பட்டுத் தேய்ந்த மெஷின் மிதிபலகையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விலக்கு எவ்வளவு சரி என்று எனக்குத் தோன்றும்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இந்த மாதிரிச் செய்தி போடும்போது விலையை விட்டுவிட்டு, அந்த மெஷின் என்ன மாடல், அதற்கு எந்த பாபின் சேரும் என்று இரண்டு வரி போடுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு ஊரிலும் வயதான மெஷின் மெக்கானிக் ஒருவர் இருந்திருப்பார், அவர் வீட்டு மூலையில் பழைய பார்ட்ஸ் டப்பா ஒன்று கிடக்கும். அந்தக் குடும்பத்தார் அதைக் குப்பையில் கொட்டுவதற்கு முன் ஊர்த் தையல்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எங்கள் 127-க்கு முன்பக்கத் தட்டு உடைந்துவிட்டது, இப்போதைக்கு அட்டையை வெட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது அந்தத் தட்டு இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுதுங்கள். நான் தவறாக வாங்கி வந்த உஷா பாபின் கேஸ் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது, தேவைப்படுகிறவர்களுக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பரமக்குடி.