சட்டக் கல்லூரி விண்ணப்பம்: தாராபுரத்து நண்பனுக்கு

ஈரோடு,
சித்திரை மாதம்

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மஞ்சளை விற்றாயா, இன்னும் குடோனில்தான் வைத்திருக்கிறாயா என்று எழுதவே இல்லையே. வீட்டில் அம்மா கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சௌக்கியம். வெயில்தான் தாங்கவில்லை.

உன் மகள் அம்மணி வக்கீலுக்குப் படிக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், பெரியவனும் பி.காம். முடித்த கையோடு அதையே கேட்கிறான், ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு வெசனப்பட வேண்டியதில்லை. ஆனால் பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும்வரை இருக்கும் இந்த நாட்களைச் சும்மா விட்டுவிடாதே. சட்டப் படிப்புக்கு மார்க்கால் சீட்டு போனவர்களைவிட, மார்க் இருந்தும் ஒரு காகிதத்தால் அலைந்தவர்கள்தான் கண்ணில் அதிகம் படுகிறார்கள்.

முதலில் அம்மணி விஷயம். பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி. சேர நம் மாநிலத்தில் நுழைவுத் தேர்வு கிடையாது. சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் விண்ணப்பம், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, பிறகு கலந்தாய்வு. நம் பக்கத்துக்கு அரசு சட்டக் கல்லூரி என்றால் கோவையில் மருதமலை ரோட்டில் இருப்பது பழையது. நாமக்கல்லிலும் சேலத்திலும் 2019-இல் தொடங்கினார்கள். தாராபுரத்திலிருந்து கோவைதான் தோது. சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப்பள்ளிக்குத் தனி விண்ணப்பம். அங்கே தகுதி மதிப்பெண்ணும் கட்டணமும் மேலே. அரசுக் கல்லூரிக்குப் போட்டால் அதற்கும் சேர்த்துப் போட்டதாகிவிடும் என்று நினைத்து ஏமாறாதே.

திருச்சியில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு வழி வேறு. அதற்கு கிளாட் என்ற தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது பிளஸ் டூ படிக்கும்போதே டிசம்பரில் நடந்து முடிந்துவிடுகிறது. 120 கேள்வி, 2 மணி நேரம், முழுக்க ஆங்கிலம், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். இந்த வருஷத்துக்கு அது முடிந்த கதை. கடைக்குட்டிக்கு ஆசை இருந்தால் பதினொன்றாவதிலேயே ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கப் பழக்கு. மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிறுத்திப் படி.

பெயர்தான் முதல் வில்லங்கம். அம்மணியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிப்பிரியா ப' என்று ஒரே சொல்லாக இருக்கும். ஆதாரில் 'கவி பிரியா' என்று இரண்டாகப் பிரிந்து, இன்ஷியலுக்குப் பதில் உன் பெயர் முழுசாக வந்திருக்கும். உன் பெயரையே எடுத்துக்கொள்: ஆங்கிலத்தில் 'சாமி'க்கு ஓரிடத்தில் எஸ்.ஏ., இன்னோரிடத்தில் எஸ்.டபிள்யூ.ஏ. என்று போட்டிருப்பார்கள், 'ச்' ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. வீட்டில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர் கவனிப்பார், அதுதானே அவர் வேலை.

பத்தாம் வகுப்புப் பட்டியலை மூலமாக வைத்துக்கொள். மற்ற எல்லாமும் அதைப் பார்த்துத்தான் மாற வேண்டும், அது எதையும் பார்த்து மாறக் கூடாது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள். ஆகவே அவசரத்தில் தப்பாக ஒரு தடவை மாற்றி வீணடிக்காதே. எழுத்தெழுத்தாகப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒப்புகைச் சீட்டில் அச்சாகி வந்ததையும் படித்துப் பார்த்துவிட்டு அந்த இடத்தைவிட்டு எழுந்திரு. பத்தாவது பட்டியலிலேயே தப்பு இருந்தால் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுத வேண்டும். அது நாள் பிடிக்கும் சோலி, இன்றே தொடங்கு.

ஆதார் சரியான பிறகுதான் இ-சேவை மையம். இந்த வரிசையை மாற்றாதே. அங்கே முதலில் குடிமக்கள் கணக்கு எண் என்று ஒன்று போடுவார்கள், கேன் நம்பர் என்பார்கள். அது ஆதாரில் இருக்கும் பெயரோடு பதிவாகும், ஓ.டி.பி.யும் அங்கே கொடுக்கும் மொபைலுக்குத்தான் வரும். தப்பான பெயரில் சாதிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய் கட்டணம். பணம் பெரிதில்லை, நாள்தான் போகும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணைத் தாசில்தார் என்று மூன்று பேர் பார்வையைத் தாண்ட வேண்டும். ரிசல்ட் வந்த வாரத்தில் தாலுகா முழுக்க இதே வேலைக்கு விழும். அதோடு மே, ஜூனில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி வந்துவிட்டால் வருவாய்த் துறை ஆட்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். இப்போதே போடச் சொல்வது அதனால்தான்.

சாதிப் பெயரை எழுதுவதில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வெறும் 'கவுண்டர்' என்று எழுதிவிடுவார்கள். கொங்கு வெள்ளாளரும் கவுண்டர், வேட்டுவரும் கவுண்டர். வட பக்கம் போனால் வன்னியருக்கும் அதே பட்டம், அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறவர்கள். அரசுப் பட்டியலில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுவே உன் பழைய சான்றிதழிலும், அம்மணியின் டி.சி.யிலும், புது விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். ஒன்றில் ஒரு மாதிரி இருந்தால் வி.ஏ.ஓ. கேள்வி கேட்பார், கோப்பு அங்கேயே படுத்துக்கொள்ளும். உன் சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, அவள் டி.சி. மூன்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து கொடு. மங்கலான நகலால் திரும்பி வருகிற விண்ணப்பமும் உண்டு. பி.சி., அதாவது பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீதம் ஒதுக்கீடு. சான்றிதழை நேரத்துக்குக் காட்ட முடியாவிட்டால் அவளைப் பொதுப் பிரிவில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். கிடைக்காது. அண்ணன் பி.காம். முடித்துவிட்டான் அல்லவா, அதோடு அது தீர்ந்தது. யாராவது 'நான் வாங்கித் தருகிறேன்' என்றால் பணம் கொடுத்துவிடாதே. பொய் உறுதிமொழி கொடுத்து வாங்கிய சான்றிதழ் பின்னால் எப்போது வேண்டுமானாலும் கழுத்தைப் பிடிக்கும், அதுவும் வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளைக்கு.

ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று உன் கையிலேயே இருக்கிறது, நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மணி ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில்தானே படித்தாள்? 2021-இல் வந்த சட்டப்படி 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. அதில் சீட்டு கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டும். எட்டாவது வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அதற்குமேல் அரசு மேல்நிலைப் பள்ளி என்றால், இரண்டு பள்ளியிலும் தலைமையாசிரியர் கையெழுத்தோடு படிப்புச் சான்று வாங்க வேண்டும். எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று இடைவெளி இல்லாமல் வர வேண்டும். நடுவில் ஒரு வருஷம் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றியிருந்தால் இது கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளியும் இதில் சேராது. கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது கஷ்டம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் போன் போடு.

அரசுப் பள்ளிப் பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். அவள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு, ஆதாரோடு இணைத்தது, இருந்தால் போதும்.

விண்ணப்பம் போடும் நாளில் இரண்டு விஷயம். மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலையே போட்டு முடித்துவிடுவார். பிறகு கலந்தாய்வு அழைப்பு அவர் பெட்டியில் கிடக்கும், நீ தாராபுரத்தில் காத்துக்கிடப்பாய். அடுத்தது, பணம் கட்டும்போது நெட் அறுந்தால் உடனே இரண்டாம் முறை கட்டாதே. கணக்கில் பணம் போயிருக்கிறதா, விண்ணப்பத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டு. கடைசி நாள் ராத்திரி உட்காருகிறவர்களுக்குத்தான் இந்த இடத்தில் வியர்க்கும். முடிந்ததும் பி.டி.எஃப்.ஐச் சேமித்து, இரண்டு பிரதி அச்செடுத்து வை.

அசல் சான்றிதழ்களை லேமினேஷன் செய்யாதே. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். அப்புறம் அதில் முத்திரையோ குறிப்போ போட வழி இல்லாமல் போகிறது. எல்லாவற்றிலும் ஐந்து செட் நகல் போதும்.

ஒறம்பரை எல்லாரும் 'எதற்கும் ஒரு காலேஜில் சேர்த்துவிடு' என்பார்கள். சேர்க்கலாம், தப்பில்லை. கலைக் கல்லூரிச் சேர்க்கை முன்னாலேயே முடிந்துவிடும், சட்டக் கலந்தாய்வு பின்னால் வரும். ஆனால் அங்கே டி.சி.யைக் கொடுத்துவிட்டால், விலகும்போது அந்தக் கல்லூரியிடமிருந்து புது டி.சி. வாங்க வேண்டும்; கலந்தாய்வு நெருங்கும் வாரத்தில் அது இழுக்கும். யூ.ஜி.சி. விதிப்படி அசல் மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, விலகினால் குறித்த நாளுக்குள் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். இதைச் சேரும்போதே அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்.

இனி பெரியவன். மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு விண்ணப்பம் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிறகுதான் திறக்கும், அதனால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கிறது. சட்டப் படிப்புக்கும் வக்கீல் தொழிலுக்கும் விதி வகுக்கிற பார் கவுன்சிலின் விதியில் பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், ஓ.பி.சி.க்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. பாரதியார் பல்கலைக்கழகத்தின் தற்காலிகச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், கல்லூரி டி.சி. இவ்வளவும் கையில் இருக்கட்டும். அரியர் கடைசியாக எந்த மாதம் பாஸானது என்பதும் பட்டியலில் சரியாக இருக்கிறதா பார்.

திருப்பூர் கம்பெனி வேலையை விடாமல், பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரியில் பணம் கட்டினால் பரீட்சைக்கு மட்டும் போனால் போதும் என்று ஏஜென்ட் சொன்னாராம். நம் ஊரில் இந்த நாயம் பேசாத டீக்கடை இல்லை. அவனிடம் நேராகச் சொல்: தபால்வழி எல்.எல்.பி. என்று ஒன்று செல்லவே செல்லாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும், தக்க காரணம் இருந்தால் 65 வரை தளர்த்துவார்கள், அவ்வளவுதான். 2024-இல் பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை விட்டது. பயோமெட்ரிக் வருகைப் பதிவு, வகுப்பறையில் கேமரா, படிக்கும்போது வேலையில் இருந்தால் அதைத் தெரிவிக்கும் உறுதிமொழி, குற்ற வழக்கு இருக்கிறதா என்ற உறுதிமொழி எல்லாம் அதில் வருகிறது. ஒரே சமயத்தில் இரண்டு ரெகுலர் பட்டப்படிப்பும் கூடாது. பகலில் திருப்பூரில் சம்பளப் பட்டியலில் கையெழுத்து, அதே பகலில் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வகுப்பில் வருகை என்று இரண்டு காகிதம் எதிரெதிரே நின்றால், வக்கீலாகப் பதிவு செய்யப் போகும் நாளில் எது பொய் என்று அவன்தான் சொல்ல வேண்டியிருக்கும். மூன்று வருஷமும் ஏஜென்டுக்குக் கொடுத்த பணமும் போய்விடும்.

வேலையை விட்டுவிட்டு முழுசாகப் படிக்கட்டும், இல்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். என் ரோசனை அதுதான். அரசுக் கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்தால் ஏஜென்ட் கேட்கும் தொகை உனக்கே சிரிப்பாக வரும். படித்து முடித்து வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம் பல ஆயிரம் என்று பயமுறுத்துவார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. நீதிபதி ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளட்டும்: 2025 மே தீர்ப்புக்குப் பிறகு சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும்.

அம்மணி ராத்திரி தூங்குவதில்லை என்று தங்கச்சி சொன்னதாக எழுதியிருந்தாய். தரவரிசை வரும்வரை அந்த இணையதளத்தை ஆளாளுக்குத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் எப்படி வரும்? பார்க்கும் வேலையை அண்ணனிடம் கொடு. காலையில் ஒரு தடவை, பொழுதோட ஒரு தடவை, போதும். போன வருஷத்துக் கட்-ஆஃப் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அவளுக்கு யாரும் அனுப்ப வேண்டாம். அப்புறம், 'பொம்பளப் புள்ள கோர்ட்டுக்குப் போனா மாப்பிள்ளை எப்படிக் கிடைக்கும்' என்று கேட்கிற உன் பெரியப்பாவுக்கு நீ பதில் சொல், அவளைச் சொல்ல வைக்காதே.

அம்மணியின் பத்தாவது பட்டியல், ஆதார், ரேஷன் கார்டு, உன் சாதிச் சான்றிதழ் நான்கையும் வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பு. பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்து, எதை முதலில் திருத்த வேண்டும் என்று அன்றைக்கே எழுதுகிறேன். ஏஜென்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டானா என்பதையும் மறைக்காமல் எழுது. கொடுத்திருந்தால் ரசீது இருக்கிறதா என்று பார்.

இப்படிக்கு,
உன் நண்பன்
சென்னியப்பன்