மேல்மலை மண்ணையும் பீலித் தண்ணீரையும் காப்பாற்றித் தரக் கோரும் மூன்றாவது மனு

மதிப்புக்குரிய பிரதேச செயலாளர் ஐயா அவர்களுக்கு,

பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவு லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) மக்கள் பணிவோடு எழுதிக்கொள்வது. தை மாதம் ஒரு மனு, சித்திரையில் ஒரு மனு கொடுத்தோம். இரண்டுக்கும் பதில் இல்லை. கோயிலுக்குப் பின்னால் ஏறும் மேல்மலையை ஐயா அறிவீர்கள்.

1. அங்கே தேயிலைக்கு இடையில் முளைக்கும் புல்லைத் தோட்டத்தார் வெட்டுவதில்லை, சுரண்டியால் மண்ணோடு சுரண்டுகிறார்கள். 2015இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தை அரசு தடை செய்தபோது ஆள் பற்றாமல் தொடங்கிய வேலை இது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையை நீக்கினார்கள். இப்போது மருந்தும் அடிக்கிறார்கள், சுரண்டியும் போடுகிறார்கள். மலை மொட்டையாகிவிட்டது.

2. மலைச்சரிவில் மழைநீர் வடிய வெட்டிய கான்கள் மண் விழுந்து தூர்ந்துவிட்டன.

3. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு (ஊற்று நீர் வடியும் குழாய்) அந்த மலை ஊற்றிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. மழை பெய்தால் சேறு. வாளியின் வாயில் பழைய சேலையை நான்காக மடித்துக் கட்டித்தான் பிடிக்கிறோம். அப்படியும் விடிந்து பார்த்தால் குடத்தின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் செம்மண். சரி, மழை நின்றால் தெளியும் என்று பார்த்தால், ஆனியில் வறண்ட கச்சான் காற்று தொடங்கியதும் பீலி நூல் போல வடிகிறது. மொட்டை மலையில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிட்டால் ஊற்றுக்கு எங்கிருந்து தண்ணீர் வரும்? ஒரு வாளி நிறைய இருபது நிமிடம். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கே வரிசையில் நிற்கிறார்கள், ஐயா. போன வாரம் ஒரு கர்ப்பிணிப் பெண் அந்த வரிசையிலேயே மயங்கி விழுந்தார். இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்? 1951ஆம் ஆண்டு முதல் மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, அது எங்கள் மலைக்கு இல்லையா?

4. நாங்கள் காசு கேட்கவில்லை. தரையோடு படரும் வல்லாரை, புளியாரையை விட்டுவிட்டு, உயர்ந்து வளரும் புல்லை மட்டும் அரிவாளால் அறுத்துத் தேயிலைத் தூரிலேயே போடச் சொல்லுங்கள். கவ்வாத்தில் (தேயிலைச் செடியைத் தறிக்கும்போது) வெட்டிய கிளைகளையும் விறகுக்கு அள்ளாமல் அங்கேயே பரப்பட்டும் (எங்கள் ஆட்களும் அள்ளுகிறார்கள், அதை நாங்களே நிறுத்துகிறோம்). ஊற்றைச் சுற்றி மருந்து அடிக்கக் கூடாது. அப்புறம் அந்தக் கான்கள். ஐப்பசி மழைக்கு முன் தூர் எடுக்க உத்தரவு கொடுங்கள், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருகிறோம்.

தயவுசெய்து ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்கு, பீலிக்கரைக்கு வந்து பாருங்கள். ஐப்பசிக்கு முன் வாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
கீழ்ப்பிரிவு லயத்து மக்கள்