அச்சேறாத கடிதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியக் கவிஞர் ஜூன் ஜோர்டன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரை நெடுக அவர் மேடையிலேயே நிற்கிறார். தென்னாப்பிரிக்கப் பெண்களுக்காக 1978-இல் ஐ.நா.வில் வாசித்த கவிதை இருக்கிறது. 'நாம் யாருக்காகக் காத்திருந்தோமோ, அவர்கள் நாமேதான்' என்ற அதன் கடைசி வரி 2008-இல் ஒபாமாவின் தேர்தல் பேச்சில் ஒலித்ததும் இருக்கிறது. வகுப்பறையைத்தான் காணோம். 'பேராசிரியராகவும் பணியாற்றினார்' என்று ஒரே வரி. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகை முன் நின்றவள் நான். அந்த 'ஆகவும்' கொஞ்சம் சுட்டது.

ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1936-இல், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் பிறந்தவர் ஜோர்டன். பர்னார்ட் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு கறுப்பின எழுத்தாளரைக்கூட அங்கே யாரும் தனக்கு அறிமுகப்படுத்தவில்லை என்று பின்னாளில் எழுதினார். பட்டம் வாங்காமலே வெளியேறியவரை 1967-இல் நியூயார்க் சிட்டி காலேஜ் பாடம் நடத்த அழைத்தது. வாய்ப்பற்ற வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிப் படிப்புக்குத் தயார்செய்யும் திட்டம் அங்கே நடந்தது. பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் ஆட்ரி லார்ட், அட்ரியன் ரிச், டோனி கேட் பம்பாரா மூவரும் அந்தக் காலத்தில் அதே திட்டத்தில் பாடம் எடுத்தவர்கள். எங்கள் ஆசிரியர் ஓய்வறையை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு, ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எண்பதுகளின் நடுவில் நடந்ததை. கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் கறுப்பின மக்களின் பேச்சு ஆங்கிலத்தில் எழுதிய 'தி கலர் பர்ப்பிள்' நாவலில் முதல் நாற்பது பக்கங்களைப் படித்துவரச் சொன்னார் ஜோர்டன். வகுப்பில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். படித்துவிட்டு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள்: இதென்ன மொழி, எழுத்தில் பார்க்கவே ஒருமாதிரி இருக்கிறதே! அவர்கள் பழித்தது தங்கள் வீட்டில் பேசும் மொழியைத்தான். ஜோர்டன் திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. நாவலின் தொடக்கத்தை 'நல்ல' ஆங்கிலத்தில் மாற்றி எழுதச் சொன்னார். வந்ததைப் படித்துவிட்டு வகுப்பே சிரித்தது. அடுத்து, கறுப்பின ஆங்கிலத்துக்கென்றே ஒரு பாடம் தொடங்கினார். அதன் இலக்கண விதிகளை மாணவர்களே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் தொகுத்தார்கள்.

அந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, மாணவர் ஒருவரின் சகோதரரை புரூக்ளினில் போலீஸ் சுட்டுக் கொன்றது. வயது 25. கையில் ஆயுதம் இல்லை. போலீசுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் எழுத வகுப்பு முடிவு செய்தது. எந்த ஆங்கிலத்தில் எழுதுவது என்பதில்தான் சிக்கல். பொது ஆங்கிலத்தில் எழுதினால் ஒருவேளை காதில் விழும். ஆனால் செத்தவன் பேசியது அதுவல்லவே! அச்சேறாது என்று தெரிந்தே தங்கள் மொழியில் எழுதினார்கள். அச்சேறவும் இல்லை. ஜோர்டன் இதையெல்லாம் 1985-இல் கட்டுரையாக எழுதியதால் நமக்குத் தெரிகிறது. சகோதரரை இழந்த மாணவர் எழுதிய கட்டுரையோடு அது முடிகிறது. அவர் எழுதியது பொது ஆங்கிலத்தில். அதையும் ஜோர்டன் சேர்த்தே தந்திருக்கிறார்.

எதிர்வாதமும் உண்டு. 1971-இல் அவர் கறுப்பின ஆங்கிலத்தில் எழுதிய இளையோர் நாவலைப் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னவர்களில் கறுப்பினப் பெற்றோரும் இருந்தார்கள். எங்கள் பிள்ளைக்கு வேலை கிடைக்கும் மொழியைச் சொல்லிக்கொடுங்கள் என்பது அவர்கள் கவலை. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 'அம்மா வந்தாக' என்று விடைத்தாளில் எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்தவள்தானே நானும்.

1991-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் தொடங்கிய 'மக்களுக்கான கவிதை' வகுப்பில் மாணவர்களே ஆசிரியர்கள். உயர்நிலைப் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் பெண்கள் சிறைக்கும் அவர்கள் கவிதைப் பட்டறையைக் கொண்டுபோனார்கள். 2002-இல் மார்பகப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வகுப்பு நிற்கவில்லை.

ஒரு வேண்டுகோள். அந்த 1985 கட்டுரையை உரிய அனுமதி பெற்றுத் தமிழில் வெளியிடுங்கள். மாணவர்களின் கடிதப் பகுதியை எந்த ஊர்த் தமிழில் தருவது என்பதை மொழிபெயர்ப்பவர் முடிவு செய்யட்டும். பாடநூல் தமிழில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
அருப்புக்கோட்டை.