ஈசூன் அக்காவுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே,

கோப்புகள் தொலைந்து நின்றுபோன நம் முதியோர் பராமரிப்பு இணையப் பாடம் நேற்று இரவு மறுபடி திறந்துவிட்டது. அந்த வாரம் என்ன பாடுபட்டோம் என்பது உங்களுக்கே தெரியும்; திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லாமல் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஈசூன் அக்கா. பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்; அதனால் சிங்கப்பூரில் அவர் இருக்கும் வட்டாரத்தின் பெயரால் அழைக்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர், இந்தப் பாடத்தில் சேர்ந்தவர். நாங்கள் காணொளிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலேயே தம் பழைய கைப்பேசியில் எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து பார்த்திருக்கிறார். பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

“பாடம் 3: எழுத்தைப் பெரிதாக்கினால் ‘அடுத்து’ பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது.”

“பாடம் 4: கேள்வி படுக்கைப் புண் பற்றி. பாடத்தில் அது வரவே இல்லை.”

“சரிக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு. என் வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒரே நிறம்தான்.”

“பாடம் 6: நீளம். உலை கொதித்துவிட்டது, இன்னும் முடியவில்லை.”

நிறத்தை மட்டும் வைத்து எதையும் உணர்த்தக் கூடாது என்பது உலக இணைய அணுகல் வழிகாட்டியில் உள்ள விதி. எடெக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் காணொளிகளை ஆராய்ந்து 2014இல் வந்த கட்டுரை, 6 நிமிடத்துக்குள் முடிப்பதே நல்லது என்றது. அக்கா இவற்றைத் தேடிப் படித்தவர் இல்லை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து, அதற்கு நடுவில் பாடம் பார்க்கிறவர். அவர் சொல்லுக்கு மேல் எனக்கு வேறு சான்று வேண்டாம்.

இப்போது பச்சைக்குப் பக்கத்தில் ‘சரி’ என்ற சொல்லும் இருக்கிறது. பாடம் 6 இரண்டாகிவிட்டது.

அப்புறம், விடிய விடிய வசனவரிகளைத் தட்டச்சு செய்த இளையர்கள், குரல் பதிவுக்குத் தங்கள் அறையை ஒழித்துக் கொடுத்த தம்பதி, பணி முடிந்து வந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த தாதியர், கோப்புகளை மீட்டுத் தந்த தம்பி, தேக்காவிலிருந்து சாப்பாடு வாங்கி வந்தவர்கள்: உங்கள் எல்லோருக்கும் தனித்தனியே கடன்பட்டிருக்கிறேன்.

இனி நாங்கள் செய்யும் எந்தப் பாடமும், வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர் தம் சொந்தக் கைப்பேசியில் முழுதாகப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே திறக்கும். இது உறுதி.

அக்கா, அடுத்தது மறதிநோய்ப் பாடம். இந்த முறை நானே வீட்டுக்கு வந்து முறையாகக் கேட்கிறேன். மாமியாருக்கு என் வணக்கம்.